ஸ்வீடனில் பள்ளி முடிக்கும் பிள்ளையின் கொண்டாட்டத்துக்குப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

ஸ்டாக்ஹோமிலோ கோத்தன்பர்கிலோ இருக்கும் அண்ணன் போன் பண்ணி, "பாப்பா இந்த ஜூன்ல ஸ்கூல் முடிக்கிறா, நீங்க எல்லாரும் கண்டிப்பா வரணும்" என்று சொன்னால் நம்மில் பாதிப் பேர் மனதுக்குள் என்ன நினைப்போம் என்று எனக்குத் தெரியும். பிளஸ் டூ முடிப்பதற்கா இவ்வளவு தூரம் விமானம் ஏறிப் போவது, காலேஜ் பட்டம் வாங்கும்போது போனால் போதாதா என்று தோன்றும். அங்கே கணக்கு வேறு. பல்கலைக்கழகப் பட்டத்தை சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, ஆனால் பள்ளி முடிக்கும் நாளை யாரும் விடமாட்டார்கள். தாத்தா பாட்டி, சித்தப்பா பெரியப்பா, அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரர் என எல்லாரும் வருவார்கள். ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் இதற்கே போங்கள்.

இந்த நாளுக்கு அங்கே ஸ்டுடென்டென் என்று பெயர். கிம்னாசியம் எனப்படும் மூன்று வருட மேல்நிலைப் படிப்பைப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் முடிக்கிறார்கள். மே கடைசியில் தொடங்கி ஜூன் நடுப்பகுதிக்குள் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நாள். அந்த இரண்டு மூன்று வாரமும் ஊர் முழுக்க வெள்ளைத் தொப்பிதான். லிஃப்டில் எதிரே நிற்பவரைப் பார்த்துச் சிரிக்கவே யோசிக்கிற நாடு, அந்த நாட்களில் மட்டும் லாரி மேல் ஏறி நின்று தெருவே அதிரக் கத்தும்.

ஏன் இப்படி என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அங்கே நடப்பது எல்லாம் புரியும். 1968 வரை ஸ்வீடனில் ஒரு பயங்கரமான முடிவுத் தேர்வு இருந்தது. எழுத்துத் தேர்வு முடிந்தபின் கடைசியாக வாய்மொழித் தேர்வு, அதைக் கண்காணிக்க வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள். அன்றே முடிவும் தெரிந்துவிடும். குடும்பம் பூவோடு பள்ளி வாசலில் காத்திருக்கும், உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமலே. தேறியவர்கள் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக ஓடி வருவார்கள், தவறியவர்கள் பின்வாசல் வழியாக நழுவிப் போவார்கள். அந்தத் தேர்வை 1968 உடன் ஒழித்துவிட்டார்கள். முன்வாசல் ஓட்டம் மட்டும் இன்றும் இருக்கிறது, அதற்கு ஊட்ஸ்ப்ரிங் என்று பெயர். பின்வாசலுக்குத்தான் இப்போது வேலை இல்லை. இன்றைய முறையில் பொதுவாக மொத்தம் 2500 புள்ளிகள் (மார்க் இல்லை, பாடங்களின் அளவைக் குறிக்கும் கணக்கு), அதில் 2250க்குத் தேர்ச்சி இருந்தால்தான் முறையான சான்றிதழ் (வேறு சில நிபந்தனைகளும் உண்டு), இல்லையென்றால் படித்ததற்கான ஒரு அத்தாட்சி மட்டும் தருவார்கள். ஆனால் ஓடி வரும்போது யார் கையில் எது இருக்கிறது என்று வெளியே நிற்கும் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை. எலக்ட்ரீஷியன் வேலைக்குப் படித்த பையனுக்கும் இயற்பியல் கணிதம் படித்த பெண்ணுக்கும் தொப்பி ஒன்றுதான்.

அதனால் நமக்கு முதல் பாடம், மார்க் கேட்காதீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாளில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல் அதுதான். "என்ன பர்சென்டேஜ்?" என்று கேட்க நமக்கு நாக்கு துடிக்கும். அங்கே ஏ முதல் எஃப் வரை எழுத்துதான், பர்சென்டேஜும் கிடையாது, ஸ்டேட் ஃபர்ஸ்ட்டும் கிடையாது. இரண்டாவது பாடம், "அடுத்து என்ன காலேஜ், என்ன கோர்ஸ்?" என்ற கேள்வி. இதைக் கேட்டால் யாரும் அடிக்கமாட்டார்கள், ஆனால் பதில் இருக்காது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஏப்ரல் 15, இடம் கிடைத்ததா என்பது ஜூலையில்தான் தெரியும். ஆக ஜூன் ஆரம்பத்தில் அந்தப் பிள்ளைக்கே தெரியாது. அதோடு, ஒரு வருடம் ஏதாவது கடையில் வேலை பார்த்துக் காசு சேர்த்து ஊர் சுற்றிவிட்டு அப்புறம் படிப்பது அங்கே சர்வ சாதாரணம். "ஒரு வருஷம் வீணாப் போகுதே" என்று மாமா ஆரம்பித்தால் அண்ணி முகம் எப்படி மாறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்கத்தான் வேண்டும் என்றால், "இந்தக் கோடையில என்ன பண்ணப் போற?" என்று கேளுங்கள். பிள்ளை அரை மணி நேரம் பேசும்.

கிளம்பும் முன்

தேதி எது என்று அண்ணனிடம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பள்ளிக்குப் பள்ளி மாறும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடிவு வரவேண்டும் என்பது விதி, ஆனால் 45 நாள் வரை இழுக்கவும் அதே விதியில் இடம் உண்டு. மே, ஜூன் என்பது கோடை விடுமுறைக் கூட்டம், ஆகவே பிப்ரவரி மார்ச்சிலேயே வேலையை முடியுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். அழைப்புக் கடிதத்தை அண்ணன் அங்கிருந்து அனுப்ப வேண்டும், அதற்கென்று ஒரு படிவம் குடியேற்றத் துறையிடம் இருக்கிறது. ஓட்டத்துக்கு முந்தின நாள் போய் இறங்குவதுபோல் டிக்கெட் போடாதீர்கள், விமானம் ஒன்று தவறினால் வந்ததே வீண்.

பெட்டி கட்டும்போது இரண்டு விஷயம். மாலை போடும் கொண்டாட்டம் என்று கேள்விப்பட்டு மதுரை மல்லியைச் சுற்றி எடுத்துப்போக ஆசை வரும். வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பூ, செடி, பழம் எதைக் கொண்டுபோனாலும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும்தான் விலக்கு. அதேபோல் இறைச்சி, பால் பொருட்களுக்கும் தடை, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை விமான நிலையக் குப்பைத்தொட்டியில் போட மனசு வராது, அதனால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய் பிரச்சினை இல்லாதவை. மாலைதான் வேண்டும் என்றால் ஜரிகை மாலையோ பட்டு நூல் மாலையோ எடுத்துப்போங்கள். அது அங்கே எவ்வளவு பொருந்தும் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அழைப்பிதழில் ஓ, எஸ், ஏ என்று மூன்று எழுத்தும் ஒரு தேதியும் இருந்தால், வருகிறீர்களா இல்லையா என்று அந்தத் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று அர்த்தம். நம்மைப்போல "பார்க்கலாம், வந்தாலும் வருவோம்" என்பது செல்லாது. எத்தனை தலை என்று எண்ணித்தான் சாப்பாட்டுக்குச் சொல்வார்கள். சைவமா, முட்டை சாப்பிடுவீர்களா, எதற்காவது அலர்ஜி உண்டா என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். அங்கே இது தொந்தரவு இல்லை, சொல்லாமல் போய்த் தட்டைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பதுதான் தொந்தரவு.

உடை. ஸ்டாக்ஹோமில் ஜூன் தொடக்கத்தில் பகலில் 20 டிகிரியும் இருக்கலாம், மழையோடு 12 டிகிரியும் இருக்கலாம், ஒரே நாளில் இரண்டும் வரலாம். பட்டுப்புடவை தாராளமாகக் கட்டலாம், கட்டினால் எல்லாரும் ரசிப்பார்கள், ஆனால் உள்ளே ஒரு தெர்மல், மேலே ஒரு கோட்டு. முழு வெள்ளை உடுத்தாதீர்கள், பள்ளி முடிக்கும் பெண்கள் அன்று வெள்ளை உடையில் வருவார்கள், அந்த நிறத்தை அவர்களுக்கு விட்டுவிடலாம். ஆண்களுக்கு ஒரு பிளேசர் போதும். குதிகால் உயர்ந்த செருப்பு புல்வெளியில் புதையும், பழைய ஊரின் கல் பாவிய தெருவில் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, அந்த வாரங்களில் ஸ்டாக்ஹோமில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிறது, வடக்கே கிருனாவில் மறைவதே இல்லை. இருட்டின பிறகு கிளம்பலாம் என்று உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரர் தூங்கப் போய்விடுவார்.

பரிசு என்ன கொடுப்பது?

அங்கே இருப்பவர்கள் ஸ்விஷ் என்ற ஆப்பில் காசு அனுப்பிவிடுவார்கள். அதற்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும், ஆகவே விருந்தாளியாகப் போகும் நமக்கு அது ஆகாது. கவரில் நோட்டாகக் கொடுக்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், கூடவே ஒரு வாழ்த்து அட்டை. 500 குரோனர் நோட்டில் பிர்கிட் நில்சன் என்ற ஓபரா பாடகி இருப்பார், 200இல் திரைப்பட இயக்குநர் இங்மார் பெர்க்மன். நம் வழக்கப்படி 501 ஆக்க ஒரு குரோனர் நாணயம் வேண்டும், நாடே கார்டில் வாழ்வதால் நாணயம் தேடுவதுதான் பெரிய வேலை, விமான நிலையத்திலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நகை, நல்ல பேனா, பயணப் பெட்டி எல்லாமும் கொடுக்கிறார்கள். வெள்ளைத் தொப்பியை மட்டும் பரிசாக வாங்கலாம் என்று எண்ணாதீர்கள், அது தலை அளவு எடுத்துப் பெயரும் பள்ளியும் ஆண்டும் தையல் போட்டு மாதக்கணக்கில் முன்பே ஆர்டர் கொடுத்த சமாச்சாரம்.

இதெல்லாம் வீட்டில் கொடுக்கும் பரிசு. பள்ளி வாசலில் கொடுப்பது வேறு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: கழுத்தில் தொங்கவிடும் பரிசு. நீலமும் மஞ்சளும் கலந்த ரிப்பனில் ஒரு ரோஜா, சின்னப் பூங்கொத்து, கரடி பொம்மை, குட்டி ஷாம்பெயின் பாட்டில், விசில், குழந்தைகளின் ரப்பர் நிப்பிள் என்று ஏதாவது ஒன்றைக் கட்டி, ஓடி வரும் பிள்ளையின் கழுத்தில் போடுவார்கள். வருகிறவர் ஒவ்வொருவரும் ஒன்று போடுவதால் அரை மணியில் பிள்ளை திருவிழா உற்சவர் மாதிரி ஆகிவிடும், முகம் மட்டும்தான் தெரியும். நம் ஜரிகை மாலை இங்கேதான் வேலைக்கு வரும். பூக்கடையில் மாணவர் பூங்கொத்து என்று கேட்டாலே ரிப்பனோடு தருவார்கள், அந்த வாரங்களில் பெரிய மளிகைக் கடைகளிலும் கிடைக்கும். நீங்களே கட்டுவதென்றால் ரிப்பன் தலை வழியாகத் தாராளமாக நுழையும் நீளத்தில் இருக்கட்டும், தண்டை ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் போட்டுக் கட்டுங்கள், சொட்டினால் வெள்ளை உடை போச்சு. கனமாக எதையும் தொங்கவிடாதீர்கள், ஏற்கெனவே பத்துப் பதினைந்து தொங்கும் கழுத்து அது.

பள்ளி வாசலில்

காலையில் வகுப்புத் தோழர்கள் எல்லாம் பூங்காவிலோ யார் வீட்டிலோ கூடி ஸ்ட்ராபெரியும் ஷாம்பெயினுமாகச் சாப்பிடுவார்கள். அதில் பெரியவர்களுக்கு இடமில்லை. அப்புறம் பள்ளிக்குள் ஒரு நிகழ்ச்சி, பெரும்பாலும் அதுவும் அவர்களுக்கு மட்டும்தான். உறவினர்களின் இடம் வெளியே, பள்ளி முற்றத்தில். சில பள்ளிகள் குடும்பத்துக்கு இத்தனை பேர் என்று அனுமதிச் சீட்டு வைத்திருக்கும், அண்ணனிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரிய பள்ளிகளில் எல்லாரும் ஒன்றாக ஓடி வருவதில்லை. வகுப்பு வாரியாக நேரம் போட்டிருப்பார்கள், 12.10க்கு என்றால் 12.10தான். முக்கால் மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். உட்கார நாற்காலி இருக்காது, அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் மடக்கு ஸ்டூல் ஒன்று கையில் இருக்கட்டும், கழிவறையையும் வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அத்தனை கூட்டத்தில் போன் பேசினால் காது கேட்காது, பிரிந்தால் எந்த மரத்தடியில் சேர்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முற்றத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது கம்புகளில் தூக்கிப் பிடித்த பெரிய தட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தைப் படம். பல் இல்லாமல் சிரிப்பது, மூஞ்சி முழுக்கச் சாக்லேட், தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்திருப்பது என்று, பிள்ளைக்கு எது மிகவும் கூச்சமோ அதைத்தான் பெற்றோர் தேடி எடுத்துப் பெரிதாக்கியிருப்பார்கள். கீழே பெயர், வகுப்பு. பிளகாட் என்பார்கள். அழகுக்கு மட்டுமில்லை, ஓடி வருகிற பிள்ளை தன் குடும்பம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. உங்களிடம் பிடிக்கச் சொன்னால் அது கௌரவம், உயர்த்திப் பிடியுங்கள், படம் எடுக்கிறேன் என்று கீழே இறக்கிவிடாதீர்கள். ஊரில் உங்களிடம் பழைய ஆல்பம் இருந்தால் இரண்டு மாதம் முன்பே பாப்பாவின் மொட்டைத் தலைப் படத்தை அண்ணிக்கு அனுப்பி வையுங்கள். காது குத்தின அன்று அழுத படம் இருந்தால் இன்னும் நல்லது.

கூட்டத்தில் சில தாத்தா பாட்டிகள் தங்கள் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள், வெள்ளை மங்கி மஞ்சளடித்திருக்கும். 1968க்கு முன்பு அந்த வாய்மொழித் தேர்வை எழுந்து நின்று தாண்டியவர்கள் அவர்களில் இன்னும் இருக்கிறார்கள். பேச்சுக் கொடுங்கள். ஸ்வீடன்காரர்களிடம் தானாகப் பேச்சு தொடங்குவது கடினம் என்பார்கள், அந்த முற்றத்தில் "உங்கள் தொப்பி எந்த வருஷத்தது?" என்று கேட்டுப் பாருங்கள்.

கதவு திறந்ததும் வாத்தியம், கூச்சல், வெள்ளைத் தொப்பிகள் படிக்கட்டில் குதிக்கும். ஒரு பாட்டுப் பாடுவார்கள், மாணவனின் மகிழ்ச்சியான நாளைப் பாடுவோம் என்கிற பொருளில், 1852இல் முதலில் பாடப்பட்டது. இசையமைத்தவர் குஸ்தாவ் என்ற இளவரசர், அந்த வருடமே இருபத்தைந்து வயதில் இறந்துபோனார். வார்த்தை தெரியாவிட்டால் கைதட்டினால் போதும். அப்புறம் இன்னொன்று கத்துவார்கள், நாங்கள் முடித்துவிட்டோம், நாங்கள் எவ்வளவு பெரிய ஆள் என்கிற மாதிரி, நடுவில் ஒரு கெட்ட வார்த்தை வரும். பாட்டி அர்த்தம் கேட்டால் அந்த வார்த்தையை விட்டுவிட்டு மீதியைச் சொல்லுங்கள்.

பிள்ளை உங்களை வந்து சேர்ந்ததும் முதல் அணைப்பு பெற்றோருக்கு. அதை விட்டுக்கொடுங்கள், குறுக்கே போனை நீட்டாதீர்கள். அப்புறம் வரிசையாக ஒவ்வொருவரும் அணைத்து, "க்ராத்திஸ்!" என்று வாழ்த்தி, கழுத்தில் போடுவார்கள். காலில் விழச் சொல்லி நெற்றியில் விபூதி பூச வேண்டும் என்றால், வீட்டுக்கு வந்ததும் செய்துகொள்ளலாம். இந்த இடத்தில் கிடைப்பது இருபது முப்பது நிமிடம்தான், மொத்தக் குடும்பப் படம் ஒன்று எடுத்துவிடுங்கள், தனித்தனியாக எடுக்க வீட்டில் நேரம் இருக்கும். அதற்குள் லாரி வந்துவிடும்.

லாரி

ஃப்ளாக் என்று சொல்வார்கள். திறந்த லாரியின் ஓரமெல்லாம் பர்ச் மரக் கிளை கட்டி, படுக்கை விரிப்பில் பெயிண்டால் வகுப்பின் பெயரும் நக்கலான வாசகமும் எழுதித் தொங்கவிட்டு, பெரிய ஸ்பீக்கர் வைத்து, முப்பது பேர் ஏறி நின்று ஊர்வலம் போவார்கள். ஸ்டாக்ஹோமில் ஸ்வேயவேகென், ஸ்தூரெப்ளான் பக்கம் வரிசையாகப் பார்க்கலாம். அனுமதி வாங்கித்தான் ஓட்ட முடியும், ஓட்டுநர் குடிக்காதவர், அதனால் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது உங்கள் புடவைக்குத்தான். மேலே இருப்பவர்கள் பீரையும் ஷாம்பெயினையும் ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சி அடிப்பார்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் பங்கு உண்டு. பத்தடி தள்ளி நின்று கையசையுங்கள்.

குடிப்பது நம் பெரியவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும், முன்பே சொல்லி அழைத்துப் போவது நல்லது. உணவகத்தில் 18 வயதில் மது தரலாம், ஆனால் சிஸ்டம்பொலாகெட் என்ற அரசு மதுக்கடையில் (ஆமாம், நம் டாஸ்மாக் போலவே அங்கும் அரசுக் கடைதான்) வாங்க 20 வயது ஆகவேண்டும். எல்லாப் பிள்ளைகளும் குடிப்பதில்லை. உங்கள் பிள்ளை குடித்ததா என்று அன்றைக்கு விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள், அது அண்ணன் அண்ணி பாடு.

சில குடும்பங்கள் லாரிக்குப் பிறகு பிள்ளையைக் கூட்டிவரப் பழங்காலக் காரோ குதிரை வண்டியோ டிராக்டரோ ஏற்பாடு செய்வார்கள். நீங்கள் பஸ்ஸிலோ மெட்ரோவிலோ வீட்டுக்குத் திரும்புங்கள், வங்கி கார்டைத் தொட்டாலே டிக்கெட். நகர மையத்தில் லாரிகளால் பஸ் நகராது, மெட்ரோதான் சரி.

வீட்டு விருந்து

மோட்டாக்னிங் என்பது வீட்டிலோ வாடகை ஹாலிலோ நடக்கும் வரவேற்பு. பல நேரம் விருந்தாளிகள் எல்லாம் வந்துவிடுவார்கள், விழா நாயகி மட்டும் வந்திருக்கமாட்டாள், லாரியிலிருந்து நனைந்து வந்து குளித்துக்கொண்டிருப்பாள். பரவாயில்லை, யாரும் கவலைப்படமாட்டார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றுவது நம்மைப்போலத்தான், ஆனால் தோட்டத்தில் விருந்து என்றால் போட்டுக்கொண்டே இருப்பார்கள், முன்னால் போகிறவரைப் பார்த்துச் செய்யுங்கள். அறைக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவராகப் போய்க் கை குலுக்கிப் பெயர் சொல்வது அங்கே வழக்கம். "நான் செல்வி, மாயாவோட அத்தை" என்று சொன்னால் போதும். ஒரு மூலையில் நம் ஆட்கள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்துகொண்டு தமிழிலேயே பேசிக்கொண்டிருப்பதுதான் இத்தகைய விருந்துகளில் நான் பார்த்த பெரிய குறை, பிள்ளையின் நண்பர்களும் அவர்கள் பெற்றோரும் தனியாக ஒரு பக்கம் நிற்பார்கள், அண்ணி இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பார். நீங்கள் எழுந்து போய் இரண்டு பேரிடம் பேசினால் அவருக்குப் பாதி பாரம் குறையும்.

சாப்பாட்டு மேஜையில் கேக் மாதிரி ஒன்று இருக்கும், மேலே வெள்ளைக் கிரீம், வெள்ளரிக்காய், எலுமிச்சை. இனிப்பு என்று நினைத்து வெட்டாதீர்கள். அது ஸ்மொர்கோஸ்டோர்ட்டா, ரொட்டி அடுக்குகளுக்கு நடுவில் மயோனெய்ஸ், இறால், சால்மன் மீன் எல்லாம் வைத்த சாண்ட்விச் கேக். சைவத்தில் செய்தாலும் மயோனெய்ஸில் முட்டை இருக்கும். வெஸ்டர்பொட்டன் சீஸ் பை சைவம்போலத் தெரியும், அதிலும் முட்டை உண்டு. புது உருளைக்கிழங்கு, சாலட், ரொட்டி நம்பிச் சாப்பிடலாம். இனிப்புக்கு ஸ்ட்ராபெரி கேக், நிச்சயம் காபி. தமிழ் வீடு என்றால் பக்கத்திலேயே பிரியாணியும் வடையும் இருக்கும், ஸ்வீடன்காரர்கள் வடையைத்தான் முதலில் காலி செய்வார்கள். வரிசையில் நின்று அளவாக எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது தடவை போகலாம், முதல் தடவையே குவிக்க வேண்டாம். மது வேண்டாம் என்றால் ஆல்கஹால் இல்லாதது கேளுங்கள், எப்போதும் இருக்கும். கோப்பையை உயர்த்தி "ஸ்கோல்" என்னும்போது எதிரே இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும், பழச்சாறு வைத்திருந்தாலும் சரி.

நடுவில் யாராவது கரண்டியால் கோப்பையைத் தட்டினால் பேச்சு வரப்போகிறது. அப்பா, அம்மா, சில சமயம் தாத்தா பாட்டி. நீங்களும் பேச விரும்பினால் அண்ணனிடம் முன்பே சொல்லுங்கள். இரண்டு மூன்று நிமிடம், பிள்ளை சின்ன வயதில் ஊருக்கு வந்தபோது செய்த சேட்டை ஒன்று போதும், எல்லாரும் சிரிப்பார்கள். அறிவுரை வேண்டாம், "பெற்றோர் பட்ட கஷ்டத்தை மறக்காதே" என்கிற வகைப் பேச்சு அந்த அறையில் ஒட்டவே ஒட்டாது. தமிழில் பேசிவிட்டு அண்ணன் மொழிபெயர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். முடிவில் எல்லாரும் எழுந்து நான்கு முறை ஹுர்ரா சொல்வார்கள். நான்குதான், மூன்றோடு நிறுத்திக் கைதட்டிவிடாதீர்கள்.

வாசல் பக்கம் ஒரு விருந்தினர் புத்தகம் இருந்தால் தமிழில் எழுதுங்கள். பிள்ளைக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் எழுதுங்கள், பின்னால் யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளும்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் விழா நாயகியைக் காணோம். அதே நாளில் தோழிகள் வீட்டிலும் இதே விருந்து நடக்கிறது, வீடு வீடாகப் போய்த் தலையைக் காட்டிவிட்டு இரவு எல்லாரும் ஆட்டம் போடப் போய்விடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்திருக்கோம், ரெண்டு வார்த்தை பேசாமப் போயிட்டாளே" என்று வருத்தப்படாதீர்கள், அவளுடைய நாள் அது. நீங்கள் அங்கேயே தங்கியிருப்பவர், மறுநாள் மதியம் அவள் எழுந்திருக்கும்போது காபி போட்டுக் கொடுத்து எல்லாக் கதையையும் கேட்டுக்கொள்ளலாம். வெளியிலிருந்து வந்த விருந்தாளி என்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் கிளம்புவது முறை.

அழைப்பே இல்லாமல் சும்மா சுற்றுலா போனவர்களும் இதைப் பார்க்கலாம். முற்றம் திறந்திருக்கும் பள்ளி என்றால் ஓரமாக நில்லுங்கள், இல்லாவிட்டால் தெருவில் லாரி போகும்போது கையசைத்தால் முப்பது பேரும் திருப்பிக் கத்துவார்கள். முகம் தெரிகிற மாதிரி பிள்ளைகளைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் ஏற்றுவது மட்டும் வேண்டாம். ஏப்ரல் கடைசியில் இருந்தால் உப்சாலாவுக்குப் போங்கள், 30ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குப் பல்கலைக்கழக நூலகமான கரோலினா ரெடிவீவா முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வெள்ளைத் தொப்பியை அசைப்பார்கள், கிழவர் குமரர் எல்லாரும்.

விருந்து முடிந்த மறுநாள் வீட்டுக்காரருக்கு ஒரு நன்றிச் செய்தி அனுப்பிவிடுங்கள், அது அங்கே கட்டாயம் மாதிரி. அந்த விருந்தில் பழகிய யாரையாவது ஊருக்குத் திரும்பும் முன் வழியில் பார்த்தால் "தாக் ஃபொர் சேனஸ்ட்" என்று சொல்லுங்கள், போன தடவை சந்தித்ததற்கு நன்றி என்று அர்த்தம். சொன்னவர் ஒரு இந்தியர் என்பதற்காகவே அவர் நின்று ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போவார்.